வேலையில்லாத பையனும் வாடகைக்குக் கேட்ட ஏடிஎம் கார்டும்

கேள்வி: என் மகனுக்கு 24 வயது. பி.இ. மெக்கானிக்கல் முடித்து இரண்டரை வருடம் ஆகிறது. வேலை இல்லை. பகலெல்லாம் தூங்குகிறான். சாயங்காலம் வெளியே போனால் ராத்திரி பதினொன்றுக்குத்தான் வருகிறான். என் கணவர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். பேப்பரில் செயின் பறிப்புச் செய்தி வந்தால் அவன் காதில் விழும்படி சத்தமாக வாசிக்கிறார். ‘வேலைவெட்டி இல்லாதவன் கடைசியில் இங்கேதான் போய் நிற்பான்’ என்கிறார். போன வாரம் அவனுடைய நண்பன் ஒருவன், ‘உன் பேங்க் அக்கவுண்டைக் கொடு, மாசம் எட்டாயிரம் தருவாங்க, நீ எதுவும் செய்ய வேண்டாம்’ என்று சொன்னானாம். இவன் யோசிக்கிறான். இன்னொருவன் தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை இருக்கிறது என்கிறான். வேலை இல்லாத பிள்ளைகள் தப்பு வழிக்குப் போய்விடுவார்கள் என்பது உண்மைதானா? எனக்குத் தூக்கமே வருவதில்லை.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விக்குச் சற்றுப் பொறுத்து வருகிறேன். முதலில் அந்த பேங்க் அக்கவுண்ட் விஷயம். அது ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடியதல்ல.

மாசம் எட்டாயிரம் யாரும் சும்மா தரமாட்டார்கள். எங்கோ பூனாவிலோ கோவையிலோ ஒரு பெரியவரை, ‘நாங்கள் போலீஸ் பேசுகிறோம், உங்கள் பெயரில் வழக்கு இருக்கிறது’ என்று வீடியோ காலில் மிரட்டிப் பணம் பறிக்கிறார்களே, அந்தப் பணம் முதலில் போய் விழுவதற்கு ஒரு கணக்கு வேண்டும். அது மோசடிக்காரன் பெயரில் இருக்காது. உங்கள் பையனைப் போன்ற ஒருவன் பெயரில் இருக்கும். விழுந்த சில நிமிடங்களில் பணம் நாலைந்து கணக்குகளுக்குப் பிரிந்து போய்விடும். அப்புறம் அந்தப் பெரியவர் 1930-க்குப் போன் செய்து புகார் கொடுத்தால், போலீஸ் கையில் கிடைக்கிற முதல் பெயர், முதல் முகவரி, முதல் ஆதார் எண் உங்கள் வீட்டுடையது. அந்த எட்டாயிரம் அதற்கான கூலிதான். கணக்கை முடக்குவார்கள். வேறு மாநிலப் போலீஸ் வந்து கதவைத் தட்டும். ‘எனக்கு ஒன்றும் தெரியாது, கார்டை மட்டும்தான் கொடுத்தேன்’ என்பது வாக்குமூலமாக எழுதப்படும், அவ்வளவுதான்.

ஆகவே கார்டு, பாஸ்புக், அந்தக் கணக்கோடு இணைத்த சிம் மூன்றும் அவனிடமே இருக்கின்றனவா என்று இன்றைக்கே கேளுங்கள். கத்தாமல் கேளுங்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டான் என்றால், நாளைக் காலையில் அவனோடு வங்கிக்குப் போய் எழுத்து மூலமாகக் கொடுத்து கணக்கை நிறுத்தச் செய்யுங்கள். மனுவின் நகலில் வங்கியின் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். நண்பன் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் எதையும் அழிக்க வேண்டாம். பயத்தில் எல்லோரும் முதலில் செய்வது அதைத்தான். அங்கிருந்து நேராக மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குப் போய் நீங்களே சொல்லிவிடுங்கள். வக்கீலுக்குச் செலவு செய்ய முடியாது என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

சரி, இப்போது உங்கள் கேள்வி.

நான் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இருபத்தொன்பது வருடம் குப்பை கொட்டியவன். ரிசல்ட் வந்த மறுநாள் வாசலைத் தாண்டி ரோடு வரை நிற்கிற வரிசையைப் பார்த்தவன். ‘வேலை இல்லாதவன் திருடனாவான்’ என்ற உங்கள் கணவரின் கணக்கு சரியாக இருந்திருந்தால், அந்த வரிசையில் நின்றவர்களை வைத்தே ஜெயிலை நிரப்பியிருக்கலாம்.

பேப்பரில் ‘பொறியியல் பட்டதாரி செயின் பறிப்பு’ என்று போடுகிறார்கள் என்றால், அவன் பட்டதாரி என்பதால்தான் அது செய்தி. லட்சக்கணக்கான பட்டதாரிகள் எந்தச் செயினையும் பறிக்காமல் வீட்டில் விட்டத்தைப் பார்த்துக் கிடப்பது செய்தியில்லை.

பக்கத்து மாநிலத்தையே பாருங்கள். மத்திய அரசின் 2023-24 தொழிலாளர் கணக்கெடுப்பில், 15 முதல் 29 வயதுக்காரர்களிடையே வேலையின்மை கேரளத்தில் 29.9 சதவீதம். அகில இந்திய அளவில் இது 10.2 சதவீதம்தான். மத்தியப் பிரதேசத்தில் வெறும் 2.6 சதவீதம். உங்கள் கணவர் சொல்கிறபடி என்றால் கேரளத்தில் ராத்திரி வெளியே தலைகாட்ட முடியக் கூடாது. ஆனால் அங்கே வருடத்துக்கு லட்சம் பேருக்கு ஒரு கொலையை ஒட்டித்தான் நடக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். அமெரிக்காவில் 2009-ல் வேலையின்மை பத்து சதவீதத்தைத் தொட்டபோதும் இப்படித்தான். குற்றம் பெருகும் என்று எல்லோரும் சொன்னார்கள், அந்த வருடம் அடிதடியும் குறைந்தது, திருட்டும் குறைந்தது.

சம்பந்தமே இல்லை என்று சொல்ல மாட்டேன். வேலை போகிற இடங்களில் சின்னத் திருட்டு கொஞ்சம் ஏறுகிறது என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். கொலை, வெட்டுக்குத்துக்கு அந்தத் தொடர்பு அவ்வளவாகத் தென்படுவதில்லை. ‘பசி வந்தால் பத்தும் பறக்கும்’ என்பார்கள். உங்கள் வீட்டில் இருப்பது பசியில்லையே, அம்மா. நீங்கள் சோறு போடுகிறீர்கள். அவனை அரிப்பது வேறு.

அது என்ன என்று நான் புரிந்துகொண்டது ஒரு பழைய ஆராய்ச்சியை வைத்து. ஆஸ்திரியாவில் வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியன்தால் என்று ஒரு மில் ஊர். ஊரே அந்தப் பஞ்சாலையை நம்பியிருந்தது. 1930 வாக்கில் அது மூடிவிட்டது. 1931-ல் மரீ யஹோடாவும் அவருடைய சகாக்களும் போய்த் தங்கி, வேலை இல்லாத மனிதர்கள் என்ன ஆகிறார்கள் என்று பார்த்தார்கள். நிலக்கரி காணாமல் போனது, வயலில் உருளைக்கிழங்கு காணாமல் போனது, உண்மைதான். ஆனால் அவர்களைத் திகைக்க வைத்தது அது அல்ல. நேரம் கையில் கொட்டிக் கிடந்தும், நூலகத்தில் சந்தா வாங்குவதை நிறுத்தியிருந்தும், அங்கே புத்தகம் எடுப்பது ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தால் ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், வழியில் நின்று நின்று போனார்கள். பலர் கைக்கடிகாரம் கட்டுவதையே விட்டிருந்தார்கள். காலையிலிருந்து மத்தியானம் வரை என்ன செய்தீர்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. இன்னொன்றும் நடந்தது. நிவாரணம் வாங்கிக்கொண்டே ரகசியமாகக் கூலி வேலை செய்கிறான் என்று அக்கம்பக்கத்தார் ஒருவர்மேல் ஒருவர் புகார் எழுதிப் போடுவது அதிகமானது.

பகலெல்லாம் தூங்கும் உங்கள் பையன் அந்த ஊர்க்காரன்தான். திருடனாவதற்கான தெம்புகூட அவனிடம் இப்போது இல்லை. அதனால்தான் ‘நீ எதுவும் செய்ய வேண்டாம்’ என்ற அந்த வாக்கியம் அவனைத் தொட்டிருக்கிறது. இந்தக் காலத்துக் குற்றம் சுவரேறிக் குதிக்கச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வேலை என்ற பெயரிலேயே வருகிறது, சம்பளம் பேசுகிறது, வீட்டிலிருந்தே செய்யலாம் என்கிறது.

உங்கள் கணவரிடம் ஒன்று சொல்லுங்கள். அவர் சொல்வதையே ஒரு காலத்தில் சட்டமும் சொல்லியது. 1898-ம் வருடத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 109-வது பிரிவு என்று ஒன்று. கண்ணுக்குத் தெரிகிற பிழைப்பு இல்லாதவன் என்றாலே போதும், பிடித்து நிறுத்தி நன்னடத்தைக்கு ஜாமீன் கேட்கலாம். 1973-ல் புதுச் சட்டம் வந்தபோது அந்த வரியை எடுத்துவிட்டார்கள். சட்டத்திலிருந்து போனது, ஸ்டேஷனிலிருந்து போகவில்லை.

என்னிடம் பதிவு செய்திருந்த ஒரு பையன். ஊர், பேர் வேண்டாம். சென்னையில் பரீட்சை எழுதிவிட்டு வருகிறான், கடைசி பஸ் போய்விட்டது, ரூம் எடுக்கக் காசில்லை, பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் படுத்துவிட்டான். ரோந்து போலீஸ் எழுப்பி, ‘என்ன வேலை பார்க்கிறே?’ என்று கேட்டிருக்கிறது. ‘வேலை தேடிக்கிட்டிருக்கேன் சார்.’ அந்தப் பதிலே வழக்காகிவிட்டது. சட்டைப் பையில் நாலாக மடித்து, வியர்வையில் மை கலங்கிப் போயிருந்த ஹால் டிக்கெட்டை எடுத்துக் காட்டியிருக்கிறான், யார் பார்த்தார்கள்? பெட்டி கேஸ் போட்டு, அபராதம் கட்டவைத்து அனுப்பினார்கள். மூன்று வருடம் கழித்து ஒரு அரசு வேலைக்குத் தேர்வானான். சரிபார்ப்புப் படிவத்தில் ‘தங்கள் மீது குற்ற வழக்கு ஏதும் உண்டா’ என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதினான். அந்த ‘இல்லை’தான் அவன் வேலையைத் தின்றது. உச்ச நீதிமன்றம் 2016-ல் அவதார் சிங் வழக்கில், சில்லறை வழக்காக இருந்தால் வேலை கொடுப்பவர் பொறுத்துக்கொள்ளலாம் என்று வழி சொல்லியிருக்கிறது. ஆனால் படிவத்தில் உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. இவனுக்கு அது வருவதற்கு வெகு காலம் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. நான் ஓய்வு பெறும்போது லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான்.

வேலையில்லாதவன் குற்றவாளியாவதை நான் அதிகம் பார்த்ததில்லை. ஒரு வழக்கு விழுந்து, அதனால் ஆயுசுக்கும் வேலையில்லாமல் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பதினொரு மணிக்கு எந்தப் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்திருக்கிறான், யாரோடு என்பது எனக்கும் கவலைதான். அவன் கெட்டுப்போவான் என்பதால் அல்ல, பக்கத்தில் இருக்கிறவன் செய்ததற்கு இவன் பெயரையும் சேர்த்து எழுதிவிடுவார்கள் என்பதால்.

என்ன செய்யலாம்? முதலில் பெட்ரோலுக்கு நூறு ரூபாய் வேண்டும் என்றால் அவன் யாரிடம் கேட்கிறான்? அப்பாவிடம் என்றால், கையோடு ஒரு செய்தியும் வாசித்துக் காட்டப்படும், இல்லையா? அந்த எட்டாயிரத்தின் கவர்ச்சி எட்டாயிரத்தில் இல்லை, கை நீட்ட வேண்டாம் என்பதில் இருக்கிறது. அவன் கேட்பதற்கு முன்பே, திங்கட்கிழமை தோறும் உங்களால் முடிந்ததை, முந்நூறோ ஐந்நூறோ, அவன் கையில் கொடுத்துவிடுங்கள். கணக்குக் கேட்காதீர்கள். அரசு உதவித்தொகை பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய், அதுவும் பி.இ. போன்ற தொழிற்படிப்புக்காரர்களுக்குக் கிடையாது. எனவே இது உங்கள் கையிலிருந்துதான் வர வேண்டும்.

அடுத்தது காலைப்பொழுது. சிகாகோவில் 2012 கோடை விடுமுறையில், வன்முறை மிகுந்த வட்டாரங்களின் பள்ளிப் பிள்ளைகளுக்கு எட்டு வாரம் மட்டும், குறைந்தபட்சக் கூலியில், சின்னச் சின்ன வேலைகள் கொடுத்தார்கள். அடுத்த பதினாறு மாதத்தில் வேலை கிடைத்த குழுவில் வன்முறைக் குற்றத்துக்காகக் கைதானது 43 சதவீதம் குறைவு. வேடிக்கை என்னவென்றால், குறைந்ததில் பெரும்பகுதி வேலை முடிந்த பிறகுதான். திருட்டில் பெரிய மாற்றம் இல்லை. காசு மட்டும் காரணம் என்றால் இது தலைகீழாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? காலையில் எழுந்து போக ஒரு இடம், ‘ஏன் லேட்டு’ என்று கேட்க ஒரு ஆள், அது எதையோ செய்திருக்கிறது.

திருச்சியில் இருந்துகொண்டு மெக்கானிக்கல் படித்தவனுக்கு அப்படி ஒரு இடம் கிடைக்காது என்று சொன்னால் நம்ப மாட்டேன். துவாக்குடி, திருவெறும்பூர் பக்கம் ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் இருக்கின்றன. சம்பளம் சொல்லிக்கொள்கிற மாதிரி இருக்காது, ‘பி.இ. படிச்சிட்டு இங்கயா’ என்று முகம் சுளிப்பான். ஆறு மாதம் மட்டும் என்று பேசுங்கள். பட்டதாரி அப்ரென்டிஸ் பயிற்சிக்கும் விண்ணப்பிக்கட்டும், உதவித்தொகை உண்டு. குரூப் தேர்வு எழுதுகிறேன் என்று சொல்கிறவனாக இருந்தால், வீட்டில் படுத்துக்கொண்டு படிக்க விடாதீர்கள். 2024 குரூப் 4-க்கு முதலில் அறிவித்த 6,244 இடங்களுக்கு சுமார் 20 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் என்று ஒன்று நடக்கிறது. இலவச வகுப்பு, புத்தகங்கள். வேலை கிடைக்கிறதோ இல்லையோ, சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போவான்.

உங்கள் கணவருக்கு ஒரு வேலை தருகிறேன். பேப்பர் வாசிப்பதை நிறுத்த வேண்டாம். கட்டாயம் ஏதாவது சத்தமாகத்தான் வாசிக்க வேண்டும் என்றால் வேலைவாய்ப்பு விளம்பரங்களை வாசிக்கட்டும். டிப்போ ஒர்க்‌ஷாப்பில் அவருக்குப் பழைய சிநேகிதர்கள் இருப்பார்கள். பையனோடு போய் ஒரு டீ குடித்துவிட்டு வரட்டும்.

தாய்லாந்து விஷயம். வேண்டாம். டேட்டா என்ட்ரி என்று தாய்லாந்துக்குக் கூட்டிப்போய், எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடியில் அடைத்து, ஆன்லைன் மோசடி செய்யச் சொல்லி அடித்தார்கள். 2022 அக்டோபரில் அங்கிருந்து மீட்கப்பட்டு சென்னை வந்து இறங்கிய முதல் குழுவில் 13 பேர் தமிழ்நாட்டுப் பையன்கள். வேலை தேடிப் போனவர்கள், குற்றம் செய்ய வைக்கப்பட்டவர்கள். சுற்றுலா விசாவில் வா, வந்தபின் மாற்றிக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள். மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பதிவு பெற்ற ஏஜென்டுகளின் பட்டியல் இருக்கிறது. தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் இருக்கிறது. அந்த ஏஜென்டின் பெயரை நீங்கள் தேட வேண்டாம், பையனையே உட்காரவைத்துத் தேடச் சொல்லுங்கள். பெயர் அதில் இல்லை என்று அவன் வாயாலேயே சொல்லட்டும்.