கூரைக்குக் கீழே நின்று பார்த்தீர்களா? பழைய கடைவீடுகளின் விலை குறித்துக் கேள்வி பதில்

சிங்கப்பூரில் சொத்து மதிப்பீட்டுத் தொழிலில் இருபத்தேழு ஆண்டுகளாக இருக்கிறேன். இடிக்கக் கூடாது என்று சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள், குறிப்பாகக் கீழே கடையும் மேலே வீடுமாக உள்ள கடைவீடுகள் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இங்கே.

ஐயா, லிட்டில் இந்தியாவின் டன்லப் ஸ்திரீட்டில் அப்பாவின் கடைவீடு எங்களுக்கு வந்திருக்கிறது. இடிக்கவும் முடியாது, உயர்த்தவும் முடியாது, அதனால் குறைத்துத்தான் கேட்பார்கள் என்கிறார் தரகர். உண்மையா?

பாதி உண்மை, அம்மா. அந்த நிலத்தில் பத்து மாடி எழுப்பலாம் என்ற கணக்கு இனி இல்லை. ஆனால் உங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் பக்கத்து வீட்டையும் கட்டுப்படுத்துகிறது. உங்கள் சன்னலை மறைத்து அங்கே ஒரு கோபுரம் எழ முடியாது.

லிட்டில் இந்தியா, சைனாடவுன், கம்போங் கிளாம் முதலிய வட்டாரங்களை 1989இல் அரசிதழில் பாதுகாப்புப் பகுதிகளாக அறிவித்தார்கள். இன்று தீவு முழுவதும் 7,000க்கு மேற்பட்ட கட்டடங்கள் இந்தப் பட்டியலில் உள்ளன. நூறாண்டுப் பழமையுள்ள கடைவீட்டை இனி யாரும் புதிதாகக் கட்டிவிட முடியாது. அந்த அருமைக்கும் சேர்த்துத்தான் வாங்குபவர் பணம் தருகிறார்.

இன்னொன்றையும் பாருங்கள். மனை முழுவதும் வணிகப் பயன்பாட்டுக்கு என்று இருந்தால் வெளிநாட்டவரும் தடையின்றி வாங்கலாம். மேல்மாடி குடியிருப்பு என்றால் அவருக்கு அரசாங்க அனுமதி வேண்டும். அந்தப் பகுதியின் விலையில் 60 விழுக்காடு கூடுதல் முத்திரைத் தீர்வையும் உண்டு. 2023 ஏப்ரல் முதல் இதுதான் விகிதம். ஒரே வரிசையில், ஒரே அகலத்தில் உள்ள இரண்டு வீடுகளுக்கு இருவேறு விலை வருவது இதனால்தான்.

பராமரிப்புச் செலவை விலையில் எப்படிக் கழிப்பது?

பலரும் கோட்டைவிடும் இடம் இது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடைவீட்டை மதிப்பிடப் போனேன். முகப்பில் புது வண்ணம், கடைக்கு முன்னுள்ள ஐந்தடி நடைபாதையில் பளபளக்கும் தரைக்கல். மேல்மாடியில் உத்தரம், பக்கத்து வீட்டோடு பகிரும் பொதுச்சுவருக்குள் நுழையும் முனையைத் திருப்புளியால் மெல்லக் குத்தினேன். ஊறிய ரொட்டியில் இறங்குவதுபோல் பிடிவரை இறங்கியது. ஒரு மூலையில் ஓடு விலகி, மழைநீர் பல ஆண்டுகளாகச் சுவர் வழியே கசிந்திருக்கிறது. ஈரத்தைத் தேடிக் கரையான் வந்திருக்கிறது.

புதிய கட்டடமாக இருந்தால் கான்கிரீட் தளம் போட்டுவிடலாம். இங்கே மரத்தளத்துக்கு மரத்தளம், மெருகிடாத களிமண் ஓட்டுக்கு அதே ஓடு, மரச் சன்னலுக்கு மரச் சன்னல். நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் அனுமதி பெற்றுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். பழைய செங்கல் சுவர் மூச்சுவிட வேண்டும். சுண்ணாம்புக் காரையை எடுத்துவிட்டுச் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி உப்புப் பூத்து வண்ணம் உரியும். மலிவு என்று செய்ததை இருமுறை செய்ய நேரும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். மாத வாடகை 10,000 வெள்ளி என்று வையுங்கள், ஆண்டுக்கு 120,000. வரிக்காகக் கணிக்கப்படும் ஆண்டு வாடகை மதிப்பும் அதுவே என்றால், வணிகச் சொத்துக்கான 10 விழுக்காட்டுச் சொத்து வரி 12,000. காப்புறுதி, காலியாகக் கிடக்கும் மாதங்கள் தனி. கூரை, தளம், சன்னல் எல்லாவற்றையும் இருபது ஆண்டுக்கு ஒருமுறை செப்பனிட 400,000 ஆகும் என்றால் ஆண்டுக்கு 20,000 ஒதுக்க வேண்டும். வாங்குபவர் 3 விழுக்காடு வருவாய் எதிர்பார்க்கிறார் என்றால், இந்த 20,000ஐ மறப்பதால் மட்டும் விலை 660,000க்கு மேல் வீங்கிவிடும் (20,000ஐ 3 விழுக்காட்டால் வகுத்துப் பாருங்கள்). விலையைச் சட்டம் குறைப்பதைவிட இந்தச் செலவு குறைப்பதே அதிகம் என்பது என் உறுதியான எண்ணம்.

ஜூ சியாட்டில் நண்பர் பின்பக்கம் உயரமாகக் கட்டியிருக்கிறார். தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியாவில், எங்களால் ஏன் முடியாது?

வட்டாரத்துக்கு வட்டாரம் விதி வேறு. ஜூ சியாட், கேலாங் போன்ற இடங்களில் முன்கூரைப் பகுதியைக் காத்துக்கொண்டு பின்னால் உயர்த்த இடமுண்டு. லிட்டில் இந்தியாவில் பின்கட்டு முன்கூரைக்குக் கீழேதான் இருக்க வேண்டும். ஆகவே ஜூ சியாட் விலையைத் தேக்காவுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ் என்ற பெரிய அடுக்குமாடிக் கட்டடத்துக்கும் பாதுகாப்பு விதித்தார்களே. பிறகும் 70 கோடி வெள்ளிக்கு எப்படி விற்றது?

2021இல் பாதுகாப்பு அறிவிப்பு, 2022இல் விற்பனை. கட்டடத்தைக் காப்பதற்கு ஈடாகக் கூடுதல் தளப்பரப்பும், அருகில் புதிய கோபுரம் எழுப்பும் வாய்ப்பும் கிடைத்தன. சட்டம் ஒரு கையால் எடுத்து மறுகையால் கொடுத்தது. ஒற்றைக் கடைவீட்டுக்கு அத்தனை இடம் ஏது?

சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலுக்கு மதிப்புப் போட முடியுமா?

விற்பனைக்கு வராத சொத்துக்குச் சந்தை விலை இல்லை, தம்பி. காப்புறுதிக்காக மறுகட்டுமானச் செலவைக் கணக்கிடலாம், அவ்வளவுதான். 1973 முதல் அது தேசிய நினைவுச்சின்னம். இத்தகைய வழிபாட்டு இடங்களின் செப்பனிடும் பணிக்கு உதவ 2008 முதல் அரசாங்க நிதி ஒன்றும் உண்டு.

அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு என்ற நம் வழக்கம். 2023 பிப்ரவரியில் அங்கே நடந்தது. அந்த நாள் வருமுன் சுதையும் வண்ணமும் சரிபார்க்கப்பட்டாக வேண்டும். பணமும் அதற்கு முன்பே திரட்டப்படுகிறது. கடைவீட்டு உரிமையாளர்களிடம் நான் கேட்பதும் இப்படி நாள் குறித்த ஒழுங்கைத்தான்.

குத்தகைதாரர் முகப்பில் அலுமினியச் சன்னல் போட்டுவிட்டார். விற்கும்போது சிக்கலா?

சிக்கல்தான். வாங்குபவரின் வழக்கறிஞர் அனுமதித் தாள்களைக் கேட்பார். பழையபடி மாற்றும் செலவை விலையில் கழிப்பார்கள். உடனே ஆணையத்தை அணுகிச் சரிசெய்யுங்கள்.

கேம்பல் லேனுக்கு அருகே ஒன்றை வாங்க நினைக்கிறேன். முதலில் எதைப் பார்ப்பது?

டிசம்பர் மழையில், பிற்பகல் நேரத்தில், கைவிளக்கோடு மேல்மாடிக்குப் போங்கள். வாடகை ஒப்பந்தத்தைப் பிறகு பார்க்கலாம். பொதுச்சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் கூரைக்கும் உத்தரங்களுக்கும் எழுத்து மூலம் மதிப்பீடு வாங்கி, அதைக் கையில் வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.