ஐயெல்ட்ஸ் ஸ்கோர் வந்துவிட்டது, வகுப்பு தொடங்க மூன்று மாதம் இருக்கிறது. ஆங்கிலத்துக்காக இன்னும் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி கேட்டவருக்கு ஐயெல்ட்ஸ் ஆங்கிலத் தேர்வில் 9க்கு மொத்தம் 6.5, எழுத்தில் மட்டும் 6. முதுகலை இடம் உறுதியாகிவிட்டது. மறுபடி கோச்சிங் சேர்ந்து 7 வாங்கப் பார்க்கலாமா, இல்லை இதுவே போதுமா என்று கேட்டிருக்கிறார்.

மறுபடி தேர்வு எழுத வேண்டாம். அதற்காக மூன்று மாதத்தையும் சும்மா விட்டுவிடவும் வேண்டாம். நானும் வெளிநாட்டு மாணவராகப் போய்ப் படித்தேன். இப்போது பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்களின் கட்டுரைகளை அவர்களோடு உட்கார்ந்து பார்ப்பதுதான் என் வேலை. அதை வைத்துச் சொல்கிறேன்: தேர்வு கேட்கும் ஆங்கிலம் வேறு, வகுப்பு கேட்கும் ஆங்கிலம் வேறு.

ஐயெல்ட்ஸ் கேட்டல் பகுதியில் ஒலிப்பதிவு சுமார் அரை மணி நேரம். கேள்விகள் கண்முன்னே இருக்கும், எதைப் பிடிக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டே கேட்கலாம். லெக்சரில் அந்த வசதி கிடையாது. எழுத்தில் இரண்டாவது கேள்விக்கு 40 நிமிடம், 250 சொல், உங்கள் சொந்தக் கருத்தே போதும். முதல் செமஸ்டர் அசைன்மென்ட் 2000 சொல்லைத் தாண்டலாம். அதில் ஒவ்வொரு கூற்றுக்கும் யார், எந்த ஆண்டில் சொன்னார் என்று காட்டியாக வேண்டும். 6 வாங்கியவரும் 7.5 வாங்கியவரும் ஒரே இடத்தில்தான் திணறுகிறார்கள்: படித்ததைத் தன் வாதத்துக்குள் கொண்டுவரும் இடத்தில்.

ஆகவே உங்கள் நேரத்தில் பாதியை இதற்கே கொடுங்கள். ஒரு உதாரணம். அன்றாடப் பேச்சு மொழியும் பாட மொழியும் தனித்தனித் திறன்கள் என்று 1979ல் மொழிக்கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் எழுதினார். கனடாவில் குடியேறிய பிள்ளைகளை வைத்து அவர் பிறகு காட்டியது இது: பேச்சு சுமார் 2 ஆண்டில் வந்துவிடுகிறது, பாட மொழியில் சக மாணவர்களை எட்டிப்பிடிக்க 5 முதல் 7 ஆண்டு ஆகிறது. புதிதாக வரும் மாணவர் இதை எப்படி எழுதுவார்? அசல் வாக்கியத்தை எடுத்து நான்கு சொல்லுக்கு மாற்றுச் சொல் போட்டு, கடைசியில் அடைப்புக்குறிக்குள் பெயரையும் ஆண்டையும் சேர்ப்பார். வாக்கியத்தின் எலும்புக்கூடு அப்படியே இருப்பதால் இதுவும் காப்பியாகவே கருதப்படும். அதோடு, அந்த ஆய்வு எதற்காக அங்கே வந்தது என்று படிப்பவருக்குப் புரியாது.

நான் சொல்லித்தரும் வழி எளிது. பத்தியைப் படியுங்கள், மூடி வையுங்கள். அதைப் படிக்காத நண்பரிடம் சொல்வதுபோல இரண்டு வாக்கியம் எழுதுங்கள். பிறகு திறந்து, தகவல் சரியா என்று மட்டும் பாருங்கள். மூன்றாவது வாக்கியம் உங்களுடையது: "கம்மின்ஸ் பார்த்தது பள்ளிப் பிள்ளைகளை, ஏற்கெனவே ஒரு பட்டம் முடித்த பெரியவர்களுக்கு இந்தக் கால அளவு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது." மதிப்பெண் பெரும்பாலும் இந்த மூன்றாவது வாக்கியத்துக்குத்தான். தினம் ஒரு பத்தி, உங்கள் துறைப் பாடநூலிலிருந்தே எடுத்துச் செய்யுங்கள்.

அந்த வாக்கியத்தின் தொனியையும் கவனியுங்கள். தேர்வுக் கட்டுரைகளில் 'சந்தேகமே இல்லை', 'எல்லோரும் அறிந்தது' என்று அடித்துச் சொல்லிப் பழகியிருப்போம். ஆய்வு எழுத்தில் சான்று எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு தூரம்தான் சொல்ல வேண்டும். 'ப்ரூவ்ஸ்' வரும் இடத்தில் பெரும்பாலும் 'சஜெஸ்ட்ஸ்' போதும். நல்ல மதிப்பெண் வாங்கிய மாணவர்கள் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்க 'பாவே' என்ற தொகுப்பு இருக்கிறது. வார்விக், ரீடிங், ஆக்ஸ்ஃபோர்ட் புரூக்ஸ் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து திரட்டிய 2761 நிஜ அசைன்மென்ட்கள். உங்கள் துறையில் நாலைந்தைப் படித்தாலே போதும், எந்த கோச்சிங் நோட்ஸும் அதற்கு ஈடாகாது.

சொல்வளத்துக்குப் பெரிய பட்டியல் எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். நியூசிலாந்து மொழியியலாளர் ஏவரில் காக்ஸ்ஹெட் 2000ல் வெளியிட்ட கல்விச் சொற்பட்டியலில் 570 சொற்குடும்பங்கள்தான் (ஒரே அடிச்சொல்லிலிருந்து கிளைக்கும் சொற்கள் சேர்ந்தது ஒரு குடும்பம்) இருக்கின்றன. பாட எழுத்தில் சுமார் பத்தில் ஒரு சொல் இதிலிருந்து வருகிறது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தெரியாததை மட்டும் குறித்துக்கொண்டு, படிக்கும் பாடத்தில் அது வரும்போது வாக்கியத்தோடு எழுதி வையுங்கள்.

கேட்பதற்கு எம்ஐடி ஓப்பன்கோர்ஸ்வேர், ஓப்பன் யேல் கோர்சஸ் என்ற இணையதளங்கள் இரண்டிலும் முழு லெக்சர்கள் இருக்கின்றன. முதல் பத்து நிமிடத்தை சப்டைட்டில் இல்லாமல் ஓடவிட்டு, நிறுத்தாமல் குறிப்பெடுங்கள். எல்லாவற்றையும் எழுத முயன்றால் பேச்சு கைநழுவிப் போய்விடும். 'ஹவெவர்', 'த பாயின்ட் ஈஸ்', 'லெட் மி கம் பேக் டு' போன்ற திருப்பங்களில் மட்டும் பேனா ஓடட்டும். அடுத்து எழுத்து வடிவத்தோடு ஒப்பிட்டு, எந்த இடத்தில் நூல் அறுந்தது என்று பாருங்கள். சொல் தெரியாமல் அறுந்ததா, வேகத்தால் அறுந்ததா? இரண்டுக்கும் மருந்து வேறு. முன்னதற்கு அந்த வாரப் பாடத்தை முன்கூட்டியே படிப்பது, பின்னதற்கு அதே பேச்சாளரைத் தொடர்ந்து கேட்பது.

பல்கலைக்கழகம் உங்களுக்கு ப்ரீசெஷனல் வகுப்பு, அதாவது படிப்பு தொடங்கும் முன் நடக்கும் ஆங்கில வகுப்பு, தந்திருந்தால், கட்டாயமில்லை என்றாலும், பணமும் விசாவும் ஒத்துவந்தால் போங்கள். சில வாரங்கள்தான் என்றாலும், அங்கே எழுதும் கட்டுரையை மேற்கோள் முறை உட்பட ஒருவர் வரிவரியாகத் திருத்தித் தருவார். செமஸ்டர் தொடங்கிய பிறகு அந்த அளவு கவனம் கிடைப்பது அரிது. ஏஐ கருவிகள் பற்றியும் பலர் கேட்கிறார்கள். விதி பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறுகிறது, சில இடங்களில் பாடத்துக்குப் பாடம் மாறுகிறது. கையேட்டைப் படித்துவிட்டுத் தொடுங்கள்.

பேச்சைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் செமினாரில் வாயே திறக்காமல் ஒரு செமஸ்டரைக் கழிக்கும் மாணவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் 'மைகேஸ்' தொகுப்பில் செமினார்கள், ஆசிரியர் அறை உரையாடல்கள் என 18 லட்சம் சொற்கள் எழுத்தில் இருக்கின்றன. ஆங்கிலமே தாய்மொழியானவர்களும் பாதியில் நிறுத்தி, திருத்தி, தடுமாறித்தான் பேசுகிறார்கள் என்பதை அதில் வரிக்கு வரி பார்க்கலாம். செமினாருக்குப் போகும் முன் அந்த வார வாசிப்பிலிருந்து ஒரு கேள்வியைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். முதல் பத்து நிமிடத்துக்குள் அதைக் கேட்டுவிடுங்கள். பேச்சு சூடுபிடித்த பிறகு நடுவில் நுழைவது யாருக்குமே கஷ்டம்.