தவில் தொடங்கினால் எழும்பிப் போகாதீர்கள்: சங்கீதம் கேட்பது பற்றிக் கேள்வி பதில்

கர்நாடக சங்கீதத்தில் எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்று திருகோணமலைப் பக்கத்து ஆட்கள் கேட்டிருந்த கேள்விகளுக்கு ஒரேயடியாக இங்கே எழுதுகிறேன். நான் வித்துவான் இல்லை, வெறும் கேட்கிறவன்தான், பாடச் சொன்னால் ஓடிவிடுவேன்.

உப்புவெளியில் இருந்து ஒரு தங்கச்சி: கேட்கத் தொடங்க ஆசை, ஆனால் யூடியூபில் தேடினால் மூன்று மணித்தியாலக் கச்சேரிதான் வருகிறது. எதில் தொடங்கட்டும்?

அந்த மூன்று மணித்தியாலத்தை இப்போதைக்குத் தொடவேண்டாம். ஒரேயொரு கீர்த்தனையை எடுத்து ஒரு கிழமைக்கு அதை மட்டும் கேளுங்கள். தியாகராஜரின் 'நகுமோமு' என்று வைப்போம், ஆபேரி ராகம். முசிறி சுப்பிரமணிய ஐயர் பாடியதை ஒருநாள், பாலமுரளிகிருஷ்ணா பாடியதை இன்னொரு நாள், பிறகு யாராவது வயலினில் வாசித்தது. ஒரே வரியை ஒருவர் உருகி இழுப்பதும் மற்றவர் மினுக்கி விளையாடுவதும் தானாகவே பிடிபடும். பத்து நாளில் பத்து ராகத்தை விழுங்கப் பார்க்கிறவர்கள்தான் பதினோராம் நாள் விட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்று, உங்கள் காது ஒன்றும் தெரியாத காது இல்லை. சம்பந்தர் நம்முடைய கோணேசருக்குப் பாடிய 'நிரைகழல் அரவம்' பதிகம் புறநீர்மைப் பண், ஓதுவார்கள் அதைப் பூபாளத்தில் பாடுவார்கள். 'கோணமாமலை அமர்ந்தாரே' என்று முடிவதைச் சின்ன வயதில் இருந்து கேட்டிருப்பீர்கள், ராகத்தின் பெயர்தான் தெரிந்திருக்காது.

உவர்மலை: அப்பாவும் சித்தப்பாவும் இரண்டு வரி கேட்டதும் ராகம் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு எல்லாம் ஒன்று போலவே இருக்கிறது.

ராகம் சொல்வது ஒரு கெட்டித்தனம், ரசனை வேறு சாமான். ராகம் சரியாகச் சொல்லிவிட்டு அதன்பிறகு பாட்டையே கேட்காமல் பக்கத்து ஆளிடம் பெருமை பேசுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன் (உங்கள் அப்பாவைச் சொல்லவில்லை). பழகத்தான் வேண்டும் என்றால் சோடி சோடியாகக் கேளுங்கள். சங்கராபரணத்துக்கும் கல்யாணிக்கும் ஏழு ஸ்வரத்தில் மத்திமம் ('ம') ஒன்றுதான் வேறு, முன்னதில் சுத்த மத்திமம், பின்னதில் பிரதி மத்திமம். இரண்டின் ஆலாபனையையும் (சொல்லும் தாளமும் இல்லாமல் ராகத்தை மட்டும் விரிப்பது) அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டால் அந்த ஒரு இடம் மாறினதும் முழு முகமே மாறுவது தெரியும்.

திருக்கடலூர்த் தம்பி: பாட்டு நின்று மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் வந்தால் எனக்கு அலுக்கிறது. அதை எப்படித்தான் கேட்கிறார்கள்?

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். சென்னைச் சபாக்களில் தனி தொடங்கினதும் கோப்பி குடிக்க எழும்பிப் போகிற கூட்டம் ஒன்று உண்டு. நம்முடைய பக்கம் நேர்மாறு, நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்த மேளச்சமாவில் தவில் சூடேறினால்தான் சனம் நெருக்கியடித்துக்கொண்டு கிட்ட வரும். தவில் வித்துவான் தெட்சணாமூர்த்தி (1933–1975) இந்த நாட்டில் பிறந்து இந்தியாவிலும் பெரிய நாதஸ்வர வித்துவான்களுக்கு வாசித்துப் பெயர் எடுத்தவர் என்றால் அப்படிக் கேட்கிற சனமும் இங்கே இருந்திருக்கிறது என்றுதான் அர்த்தம்.

செய்யவேண்டியது இவ்வளவுதான். ஆதி தாளம் எட்டு எண்ணிக்கை: ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு. என்ன நடந்தாலும் கையை விடாதீர்கள். வாசிக்கிறவர் மூன்று மூன்றாக, ஐந்து ஐந்தாகப் பிரித்து உங்களைக் குழப்பப் பார்ப்பார், குழப்பட்டும். கடைசியில் ஒரு கோர்வையை, அதாவது கணக்காகக் கட்டிய முடிப்பை, மூன்று தரம் வாசித்து, பாட்டு எடுக்கும் இடத்தில் கொண்டுவந்து இறக்குவார், அந்த நேரம் உங்கள் கையும் சரியாக அங்கே இருந்தால் பிறகு நீங்கள் யாரிடமும் இந்தக் கேள்வியைக் கேட்கமாட்டீர்கள். தவறினாலும் பரவாயில்லை, அடுத்த தரம் பாருங்கள்.

அத்தோடு, கோணேசர் கோயில் திருவிழாவிலோ பத்திரகாளி அம்மன் கோயிலிலோ மேளம் நடந்தால் ஒலிபெருக்கிக்குக் கீழே நிற்காதீர்கள். தவில்காரர் பக்கத்தில் நில்லுங்கள். வலக்கையில் விரற்கூடு, இடக்கையில் கழி, இரண்டின் சத்தமும் வேறு வேறாகக் காதில் விழவேண்டும், ஒலிபெருக்கி இரண்டையும் அரைத்து ஒன்றாக்கிவிடும்.

ஒரு அம்மா: மகள் வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்குப் படிக்கிறாள். வர்ணத்தை (பயிற்சிக்குப் படிக்கும் பாட்டு வகை) வாய்ப்பாடு மாதிரி ஒப்புவிக்கிறாள்.

அவள் வர்ணத்தைப் படித்திருக்கிறாள், கேட்டதில்லை. அவள் படிக்கிற அதே வர்ணத்தைப் பெரியவர்கள் பாடியதும் வாசித்ததுமாக வீட்டில் ஓடவிடுங்கள், சமைக்கும்போது, உடுப்பு மடிக்கும்போது. 'இதைக் கேள், படி' என்று மட்டும் சொல்லாதீர்கள்.

பெயர் சொல்லாத ஒருவர்: தெலுங்கு விளங்காமல் ஏன் கேட்கவேண்டும்? தமிழில் இல்லையா?

தாராளமாக இருக்கிறது. முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், கோபாலகிருஷ்ண பாரதி, பாபநாசம் சிவன் என்று கேட்டு முடிக்கவே காலம் போதாது. தமிழிசைக்குப் பழைய வேர் தேடி 'யாழ் நூல்' எழுதிய விபுலாநந்த அடிகள் நம்முடைய இந்துக் கல்லூரியில் அதிபராக இருந்தவர், ஆகவே இந்த ஊரில் இந்தக் கேள்விக்கு உரிமை கொஞ்சம் கூடவே உண்டு. ஆனாலும் தெலுங்கைத் தள்ளிவைக்க நான் சொல்லமாட்டேன். பல்லவிக்கு, அதாவது பாட்டின் தொடக்க வரிக்கு, பொருள் தெரிந்தால் பாதித் தூரம் வந்தாயிற்று. கரகரப்பிரியாவில் 'சக்கனி ராஜ' என்றால், நல்ல இராஜபாட்டை இருக்க, மனமே, சந்துக்குள் ஏன் நுழைகிறாய் என்று தியாகராஜர் கேட்கிறார். இது விளங்காமல் போக என்ன இருக்கிறது?

ஓட்டோ ஓட்டும் அண்ணன்: இரவில் ஓடும்போது எதைப் போடலாம்?

நாதஸ்வரம். இராஜரத்தினம் பிள்ளையின் தோடி ஆலாபனை. தனி ஆவர்த்தனம் வேண்டாம், ஹாண்டிலில் தாளம் போடத் தொடங்கிவிடுவீர்கள்.

நிலாவெளி: பழைய ஒலிப்பதிவுகளில் ஏன் எல்லோரும் இவ்வளவு அவசரமாகப் பாடுகிறார்கள்?

78 சுழற்சி இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம்தான். அதற்குள் எல்லாவற்றையும் சொல்லவேண்டும். கரகரப்பைப் பொறுத்துக்கொண்டு கேளுங்கள், ஒரு சங்கதிகூட (ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் ஒவ்வொரு விதம்) வீணாகப் போயிருக்காது.

மூன்று பேர் கேட்டது: உங்களுக்கு அலுக்காத பாட்டு எது?

கே.வி. நாராயணசுவாமி பாடிய 'வருகலாமோ'. நந்தனார் சரித்திரத்தில் கோபாலகிருஷ்ண பாரதி எழுதியது, மாஞ்சி ராகம். உள்ளே வரலாமா என்று ஒருவன் கோயிலுக்கு வெளியே நின்று கேட்கிறான், அதைப் பாடுகிறவர் அழுது காட்டக்கூடாது, கெஞ்சிக் காட்டவும் கூடாது. நாராயணசுவாமி இரண்டையும் செய்யமாட்டார், வெறுமனே கேட்பார். எம்.டி. ராமநாதனின் ஆமை வேகமும் எனக்கு உயிர், ஆனால் அது எல்லோருக்கும் ஒத்துவராது.

கடைசியாக ஒரு தம்பி: மனைவிக்குச் சங்கீதம் பிடிக்காது. போட்டாலே சண்டை.

மதுரை மணி ஐயர் பாடிய 'இங்கிலீஷ் நோட்' போட்டுப் பாருங்கள். ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் செய்தது, சின்னது, துள்ளல், அழுகை ஆராட்டு ஒன்றும் இல்லை. அதற்கும் சண்டை வந்தால் நல்ல ஹெட்செட் ஒன்று வாங்குங்கள், விலையை மட்டும் அவவிடம் சொல்லவேண்டாம்.