"பாப்பா எப்போ வரும்?" தத்தெடுப்புக்குக் காத்திருக்கும் வீட்டில் நான்கு வயது அக்கா

கேள்வி: நாங்கள் டெக்சாஸில் வசிக்கிறோம். இருவருமே அமெரிக்கக் குடிமக்கள், ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளியினருக்கான வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டை) வைத்திருக்கிறோம். நான்கு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். இந்தியாவிலிருந்து ஒரு குழந்தையைத் தத்தெடுக்கப் பதிவு செய்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. மகளிடம் அப்போதே சொல்லிவிட்டோம். அவளும் ப்ரீஸ்கூலில் எல்லாரிடமும் "எனக்குத் தம்பி வரப்போறான்" என்று சொல்லி வைத்திருக்கிறாள். தினமும் "எப்போ வருவான்?" என்று கேட்டுக்கொண்டிருந்தவள், கொஞ்ச நாளாக "வரவே வேண்டாம்" என்கிறாள். இனி அவளிடம் இதைப் பற்றிப் பேசவே கூடாது என்பது என் மாமியார் கருத்து. குழந்தைக்கு அறை தயார் செய்யலாமா, டிசம்பரில் ஊருக்குப் போகலாமா என்று எதையும் முடிவு செய்ய முடியாமல் எல்லாமே அப்படியே நிற்கிறது. என்ன செய்யட்டும்?

பதில்: பேச்சை நிறுத்த வேண்டாம். தினமும் பேசிக்கொண்டிருந்த ஒரு விஷயத்தைப் பெரியவர்கள் திடீரென்று பேசாமல் விட்டால், ஏதோ கெட்டது நடந்துவிட்டது, அல்லது தான் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்றுதான் நான்கு வயதுக் குழந்தைக்குத் தோன்றும். ஆனால் உங்கள் மாமியார் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள்: சாப்பாட்டு மேசையில், காரில், ஊருக்குப் போன் பேசும்போது என்று எத்தனை தடவை ஏஜென்சி, காரா (இந்திய அரசின் மத்திய தத்தெடுப்பு அமைப்பு), கைரேகை, ரெஃபரல் (இந்தக் குழந்தையை ஏற்கிறீர்களா என்று கேட்டுப் படமும் விவரமும் வருவது) என்ற பேச்சு வருகிறது? அதில் பாதிக்கு மேல் அவள் காதில் விழுந்திருக்கும். விஷயம் புரியாவிட்டாலும் உங்கள் குரலில் இருக்கும் பதற்றம் புரியும். அவள் கேட்டால், கேட்ட அளவுக்குப் பதில் சொல்லுங்கள். உங்கள் கவலைகளை அவள் தூங்கிய பிறகு பேசிக்கொள்ளுங்கள்.

அடியோடு நிறுத்த வேண்டியது தேதி சொல்வதைத்தான். "தீபாவளிக்குள்ள வந்துடும்", "உன் பர்த்டேக்கு வந்துடும்" என்று யாரும் சொல்லக் கூடாது. தாத்தா பாட்டிக்கும் இதைச் சொல்லிவிடுங்கள். ஏனென்றால் அந்தத் தேதி உண்மையிலேயே யார் கையிலும் இல்லை. இந்தியாவின் 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டப்படி, ஒரு குழந்தை தத்துக்கு உரியது என்று சட்டப்படி அறிவிக்கப்பட்ட பிறகு, முதலில் இந்தியாவில் இருப்பவர்களுக்கும் வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்களுக்கும்தான் பார்ப்பார்கள். 60 நாட்களில் அங்கே குடும்பம் அமையாவிட்டால்தான் வெளிநாட்டுத் தத்தெடுப்புக்கு அந்தக் குழந்தையின் பெயர் வரும். அந்தக் கட்டத்தில் ஓசிஐ அட்டை வைத்திருக்கும் உங்களைப் போன்றவர்களுக்கு முன்னுரிமை உண்டு. அப்படி வருபவர்களில் பெரும்பாலும் யார் இருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஐந்து வயது தாண்டியவர்கள், உடன்பிறந்தவர்களாகச் சேர்ந்தே போக வேண்டியவர்கள், உடல்நிலையில் கூடுதல் கவனிப்பு தேவைப்படுபவர்கள். ஒரு நோயும் இல்லாத கைக்குழந்தை வேண்டும் என்று உங்கள் விண்ணப்பத்தில் இருந்தால், காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீளும். ஏஜென்சியுடன் இதை வெளிப்படையாகப் பேசிவிடுங்கள்.

தாமதத்தோடு முடியாத ஆபத்தும் உண்டு. வெளிநாட்டுத் தத்தெடுப்பை எத்தியோப்பியா 2018-இல் தடை செய்தது. 2024 ஆகஸ்டில் சீனா, நெருங்கிய உறவினர் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, நிறுத்தியே விட்டது. குழந்தையின் புகைப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்த குடும்பங்கள் அப்படியே நின்றுபோயின. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை, இந்தியாவில் அப்படி எதுவும் நடக்கவில்லை. ஆனால் உங்களுக்கே தெரியாத ஒன்றை அவளுக்கு வாக்காகக் கொடுக்க முடியாது.

தேதிக்குப் பதில் கட்டம் சொல்லுங்கள். இந்த வயதில் நேற்று, நாளை, அடுத்த மாதம் எல்லாம் குழம்பித்தான் கிடக்கும், ஆனால் "முதலில் இது, அப்புறம் அது" என்றால் நன்றாகவே பிடிபடும். மூன்று கட்டம் போதும். ஒன்று, "எந்தப் பாப்பாவுக்கு நம்ம வீடு சரியா இருக்கும்னு டெல்லியில பெரியவங்க பார்த்துட்டிருக்காங்க." இரண்டு, "பாப்பா யார்னு தெரிஞ்சிடுச்சு, இப்போ கையெழுத்து வாங்கிட்டிருக்காங்க." மூன்று, "டிக்கெட் போட்டாச்சு." அவள் எத்தனை தடவை கேட்டாலும் அதே பதிலை, அதே சொற்களில் சொல்லுங்கள். உங்களுக்குச் சலிக்கும், அவளுக்குச் சலிக்காது. இரண்டாம் கட்டம் வரைக்கும் "தம்பி" வேண்டாம், "பாப்பா" போதும். ப்ரீஸ்கூல் டீச்சரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். மற்றக் குழந்தைகள் "எங்கே உன் தம்பி?" என்று கேட்கும்போது அவருக்கும் இதே பதில் தெரிந்திருந்தால் உங்கள் மகள் பொய் சொன்னவளாக நிற்க மாட்டாள்.

ரெஃபரல் வந்த அன்றே படத்தை அவளிடம் காட்டிவிடத் துடிப்பீர்கள். பொறுங்கள். பதில் சொல்லக் கிடைப்பது சில நாட்கள்தான். அதற்குள் மருத்துவ அறிக்கையை ஒரு குழந்தை மருத்துவரிடம் காட்டி, நீங்கள் இருவரும் முடிவெடுக்க வேண்டியிருக்கும். அமெரிக்காவின் சில பெரிய மருத்துவமனைகளில் தத்தெடுப்புக்கென்றே தனிப்பிரிவு இருக்கிறது. படம் வருவதற்கு முன்பே அதில் ஒன்றோடு தொடர்பு ஏற்படுத்திக்கொள்ளுங்கள். நீங்கள் மறுக்க நேர்ந்தால், அவள் பார்த்த அந்த முகத்துக்கு என்ன விளக்கம் சொல்வீர்கள்? நீங்கள் ஏற்று, காராவின் தடையில்லாச் சான்றும் வந்த பிறகு காட்டுங்கள். ஆனால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது. அப்படிப்பட்ட குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடுவதை சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடை செய்கிறது.

சரி, "வரவே வேண்டாம்" என்பதற்கு வருவோம். இதைக் கேட்டு நீங்கள் கலங்கியிருப்பீர்கள். ஆனால் அவள் வாழ்நாளில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் ஒரே விஷயத்துக்காகக் காத்திருக்கிறாள். அலுத்துப்போனது இயல்புதான். "அப்படிச் சொல்லக் கூடாது, பாவம் பாப்பா" என்று திருத்தாதீர்கள். "ரொம்ப நாளாச்சு இல்ல? எனக்கும் சில நேரம் அலுத்துப்போகுது" என்று சொல்லுங்கள். அவ்வளவு போதும், அதோடு விட்டுவிட்டு விளையாடப் போங்கள்.

அலுப்போடு ஒரு பயமும் இருக்கலாம். நீங்கள் கேட்காதபோதும் நான் இதில் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. "அந்தப் பாப்பாவுக்கு ஏன் அம்மா இல்லை?" என்ற கேள்வி இந்த வயதுக் குழந்தைகளுக்கு வந்தே தீரும். "அவங்க அம்மாவால பார்த்துக்க முடியல" என்று சொல்லி நிறுத்தினால், அவள் உள்ளுக்குள் கேட்கும் அடுத்த கேள்வி, "என்னையும் உங்களால பார்த்துக்க முடியலன்னா?" என்பதுதான். அதனால் இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்: "அந்தப் பாப்பாவைப் பெத்த அம்மாவால எந்தப் பாப்பாவையும் பார்த்துக்க முடியாத நிலைமை. பாப்பா எந்தத் தப்பும் பண்ணல. நீ எப்பவும் எங்க கூடத்தான் இருப்ப. பாப்பா வந்ததும் அதுவும் எப்பவும் நம்ம கூடத்தான் இருக்கும்." அவள் பிடிவாதம் பிடிக்கிற நாளில் இதை இன்னொரு தடவை சொல்லுங்கள். அன்றைக்குத்தான் அவளுக்குச் சந்தேகம் வரும்.

இதில் நம் ஊர்ப் பழக்கம் ஒன்று குறுக்கே வரும். "உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்" என்று பிள்ளைகளைச் சீண்டுவது பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. சித்தப்பாவோ மாமாவோ வீடியோ காலில் விளையாட்டாகச் சொல்லிவிடுவார். தத்தெடுக்கப்போகும் வீட்டில் அந்தப் பேச்சுக்கு இடமே கிடையாது. உங்கள் மகளுக்கு இன்று அது பயம். வரப்போகும் குழந்தைக்கு நாளை அது காயம். அதேபோல் ஏஜென்சிக்கு எத்தனை ஆயிரம் டாலர் கட்டினோம் என்பதும் குழந்தை காதில் விழ வேண்டாம். பாப்பாவைக் காசு கொடுத்து வாங்குகிறோம் என்றுதான் அவளுக்குப் புரியும், பிறகு ஒரு நாள் சண்டையில் அதை அப்படியே திருப்பிச் சொல்லியும் விடுவாள். "சொந்தமா ஒண்ணு இருக்கே, அப்புறம் எதுக்கு?" என்று கேட்கும் உறவினருக்கு, அவள் எதிரிலேயே "இதுவும் எங்க சொந்தக் குழந்தைதான்" என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுங்கள்.

குழந்தையின் வயது பற்றி என் கருத்தைத் தெளிவாகவே சொல்கிறேன். உங்கள் மகளைவிட மூத்த குழந்தையை ஏற்காதீர்கள். முடிந்தால் இரண்டு வயதாவது இடைவெளி இருக்கட்டும். மூத்தவள் என்ற இடம் பறிபோவது அவளுக்குத் தாங்க முடியாததாக இருக்கும். குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்து வருகிற குழந்தைக்கும் உடனே ஒரு போட்டி தேவையில்லை. ஐந்து வயது தாண்டியவர்கள் அதிகம் காத்திருக்கும் வரிசையில், உங்களுக்கு உண்மையாகத் திறந்திருப்பது கூடுதல் கவனிப்பு தேவைப்படும் சின்னக் குழந்தைகளின் பக்கம்தான். அந்தப் பட்டியல் மிகப் பரந்தது. அறுவை சிகிச்சையில் சரியாகக்கூடிய பிளவு உதட்டிலிருந்து வாழ்நாள் முழுக்கத் துணை தேவைப்படும் நிலைகள் வரை அதில் வரும். எதை உங்களால் ஏற்க முடியும் என்று முடிவெடுக்கும்போது உங்கள் மகளின் அன்றாடத்தையும் கணக்கில் எடுங்கள். வாரத்தில் மூன்று நாள் தெரபிக்குப் போக வேண்டியிருந்தால் அவளைப் பள்ளியிலிருந்து யார் அழைத்து வருவது?

வெளிநாட்டிலிருந்து தத்தெடுக்க நீங்கள் தகுதியானவர்கள் என்று அமெரிக்கக் குடியேற்றத் துறை கொடுக்கும் ஐ-800ஏ அனுமதி 15 மாதத்துக்குத்தான். நீட்டிக்கும்போது ஹோம் ஸ்டடியை (உங்கள் வீட்டையும் குடும்பத்தையும் பற்றிய மதிப்பீட்டு அறிக்கையை) புதுப்பிக்க சோஷியல் ஒர்க்கர் மறுபடி வருவார். கேட்டிருந்த வயது வரம்பை அப்போது திரும்பப் பாருங்கள், உங்கள் மகள் வளர்ந்திருப்பாள். அவள் ஐந்தைத் தாண்டிவிட்டால் காராவுக்கான ஆவணங்களில் அவளுடைய சம்மதமும் சேரும். அதற்காக அவளுக்கு வசனம் சொல்லிக்கொடுக்காதீர்கள். "சில நாள் வேணும், சில நாள் வேண்டாம்" என்று அவள் சொன்னால் அனுபவமுள்ள எந்த சோஷியல் ஒர்க்கரும் அதைக் குறையாக எழுத மாட்டார். வீடு மாறினாலும் வேலை மாறினாலும் ஏஜென்சிக்குச் சொல்ல வேண்டும். பாட்டி தாத்தா சென்னையிலிருந்து வந்து ஆறு மாதம் தங்கப்போகிறார்கள் என்றால் அதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் வசிக்கும் 18 வயது தாண்டியவர்களுக்கும் பின்னணிச் சோதனை உண்டு.

அறை விஷயத்துக்கு என் பதில், இப்போது வேண்டாம். வருவது பத்து மாதமா, இரண்டரை வயதா என்று தெரியாமல் தொட்டில் வாங்கி வைத்தால், தினமும் அந்தக் காலித் தொட்டிலைக் கடந்துதான் நீங்கள் மூவரும் போக வேண்டும். அந்த அறையில் அவள் விளையாடட்டும். உங்கள் மகள் சம்பந்தப்பட்ட மாற்றங்களை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அவள் உங்களோடு படுத்துக்கொண்டிருந்து, தனிக் கட்டிலுக்கு மாற்ற நினைத்திருந்தால், இப்போதே தொடங்குங்கள். கிண்டர்கார்டன், வீடு மாற்றம் எல்லாமே அப்படித்தான். குழந்தை வந்த வாரத்தில் அதையெல்லாம் செய்தால் "பாப்பாவுக்காக என்னைத் துரத்திட்டாங்க" என்றாகிவிடும். இல்லங்களில் குழந்தைகள் பலர் ஒன்றாகத் தூங்கியே பழகியிருப்பார்கள். புதுக் குழந்தை முதல் மாதங்களில் உங்கள் அறையில்தான் தூங்கும் என்று இப்போதிலிருந்தே அவளுக்குச் சொல்லி வையுங்கள். ஒடியாவோ மராத்தியோ மட்டும் தெரிந்த குழந்தை வரலாம், தமிழ் புரியாது என்பதையும் சொல்லுங்கள். முதல் சில வாரம் ஊட்டுவது, தூக்குவது, தூங்கவைப்பது எல்லாம் அம்மா அப்பா மட்டும்தான். விளையாட்டுதான் அக்காவின் வேலை. அவளைக் குட்டி அம்மாவாக்கிவிடாதீர்கள்.

டிசம்பரில் ஊருக்குத் தாராளமாகப் போய் வாருங்கள். ஏஜென்சியிடம் தேதியைச் சொல்லி, மின்னஞ்சல் பார்க்க முடிகிற இடத்தில் இருந்தால் போதும். ஆனால் விடுப்பு நாட்களைப் பார்த்துச் செலவழியுங்கள். எஃப்எம்எல்ஏ என்ற அமெரிக்கக் குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டப்படி தகுதியுள்ளவர்களுக்குத் தத்தெடுப்புக்காகக் கிடைக்கும் 12 வாரம் சம்பளமில்லாதது, குழந்தையை அழைத்துவரும் பயணத்துக்கும் அதிலிருந்தே எடுக்க வேண்டியிருக்கும்.

அந்தப் பயணத்தில் மகளையும் கூட்டிப் போகலாம், அவளுக்கென்று ஒரு பெரியவர் கூடவே இருந்தால். மாவட்ட ஆட்சியரின் தத்து ஆணை, பாஸ்போர்ட், டெல்லி தூதரகத்தில் விசா என்று வாரக்கணக்கில் ஆகலாம். பாட்டி அங்கே வந்துவிட்டால் அவளுடைய சாப்பாடும் தூக்கமும் குலையாது. இல்லத்தில் முதல் சந்திப்புக்கு நீங்கள் இருவர் மட்டும் போங்கள், அவளை அடுத்த நாள் அழைத்துச் செல்லுங்கள். கிளம்புவதற்கு முன் தடுப்பூசி அட்டைகளைப் பாருங்கள்: இந்தியாவிலிருந்து வரும் குழந்தையோடு முதல் இரண்டு மாதம் நெருங்கிப் பழகப்போகிறவர்கள் ஹெபடைடிஸ்-ஏ தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்பது அமெரிக்க நோய்த்தடுப்புப் பரிந்துரை. உங்கள் மகளுக்கு ஒரு வயதிலேயே போட்டிருப்பார்கள். உங்கள் இருவருக்கும், அங்கே வந்து உதவப்போகும் உறவினர்களுக்கும் விட்டுப்போயிருக்கலாம், குழந்தை வருவதற்கு இரண்டு வாரம் முன்பாவது முதல் ஊசி போட்டிருக்க வேண்டும்.