இறக்கத்தில் கழலும் கியர்: பழைய மொரிஸ் மைனரை வீட்டிலேயே பிரிக்கலாமா?

தலவாக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "அப்பாவின் 1958 மொரிஸ் மைனர் பல வருடங்களாக ஷெட்டில் கிடக்கிறது. ஓடிய காலத்திலேயே ஏற்றத்தில் நீலப்புகை தள்ளும். இறக்கத்தில் மூன்றாவது கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடும். இப்போது எஞ்சின் சுற்றவே மறுக்கிறது. கராஜில் கேட்டால் 'இதை எடுத்துப்போட்டுவிட்டு ஜப்பான் எஞ்சின் ஒன்றை வையுங்கள்' என்கிறார்கள். நானும் மகனும் எஞ்சினையும் கியர் பொக்ஸையும் வீட்டிலேயே பிரித்துச் செய்ய முடியுமா? முதலில் எதை வாங்க வேண்டும்?"

முடியும். ஆனால் முதலில் எதையும் வாங்காதீர்கள். பிரித்து அளந்து பார்க்கும்வரை என்ன சைஸ் பிஸ்டன், என்ன சைஸ் பெயரிங் என்று யாராலும் சொல்ல முடியாது. எஞ்சினை மாற்றும் யோசனையும் வேண்டாம். பதிவுப் புத்தகத்தில் இருக்கும் எஞ்சின் இலக்கம் அந்தப் பிளொக்கோடு சேர்ந்தது. மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதையும் மாற்றியாக வேண்டும். 1958 வண்டி என்றால் உங்களுடையது 948 சீசீ எஞ்சினாகத்தான் இருக்க வேண்டும். பிளொக்கின் வலது பக்கம், டைனமோவுக்கு மேலே உள்ள சின்னத் தகட்டில் இலக்கம் 9எம் என்று தொடங்குகிறதா பாருங்கள். 10எம் என்றால் யாரோ ஏற்கெனவே 1098 சீசீ எஞ்சினை வைத்துவிட்டார்கள். அப்படியானால் பார்ட்ஸ் வேறு.

இறுகிய எஞ்சினை என்ன செய்வது? நம் பக்கத்தில் வழக்கமான வைத்தியம், வண்டியை இறக்கத்தில் உருட்டி கியரைப் போட்டு கிளச்சை விடுவது. தயவுசெய்து வேண்டாம். துருவில் ஒட்டியிருக்கும் பிஸ்டன் ரிங் உடைந்து போரை, அதாவது சிலிண்டரின் உள்சுவரை, கீறிவிடும். நான்கு பிளக்கையும் கழற்றி, டீசலும் ஓட்டோமெட்டிக் கியர் ஒயிலும் (ஏடிஎஃப்) பாதிக்குப் பாதி கலந்து ஒவ்வொரு துளையிலும் ஊற்றி, சில நாள் ஊற விடுங்கள். பிறகு நான்காவது கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டிப் பாருங்கள். அசைந்தால் சரி. அசையாவிட்டால் ஹெட்டைக் கழற்றிவிட்டு மேலும் ஊற வைக்கலாம். அவசரப்பட ஒன்றுமில்லை.

எஞ்சின் விட்டுக்கொடுத்து, கொம்ப்ரெஷன் பார்க்க முடிந்தால் ஒன்றை மறக்காதீர்கள்: தலவாக்கலை கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,200 மீற்றர் உயரம். கொழும்பில் 150 இறாத்தல் காட்டும் நல்ல எஞ்சின் அங்கே 130 அளவில்தான் காட்டும். நுவரெலியாவில் இன்னும் குறையும். காற்றே மெலிது, எஞ்சின்மேல் பழி போடாதீர்கள். நான்கு சிலிண்டருக்கும் இடையில் எவ்வளவு வித்தியாசம் என்பதுதான் கேள்வி. குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டுத் திரும்பப் பாருங்கள். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. ஏற்றத்தில் புகை என்று நீங்கள் சொல்வதால் நான் ரிங்கைத்தான் சந்தேகப்படுகிறேன். வால்வு கைட் தேய்ந்திருந்தால், இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு மறுபடி மிதிக்கும்போதுதான் புகை வரும்.

அப்புறம், தூக்குவது. எஞ்சினும் கியர் பொக்ஸும் சேர்ந்தால் நூறு கிலோவைத் தாண்டும். தகரக் கூரை ஷெட்டின் வளையில் செயின் புளொக்கைத் தொங்கவிடாதீர்கள். மூன்று கனத்த ஜீஐ குழாயில் முக்காலி கட்டுங்கள், சக்கரங்களுக்குக் கல் வையுங்கள். பொனட், ரேடியேட்டர், உள்ளே தரையில் கியர் பொக்ஸ் மூடி எல்லாம் கழன்றால், இரண்டையும் ஒன்றாகவே பின்பக்கம் தாழ்த்தி முன்னே இழுத்துவிடலாம். கீழே வைத்துப் பிரிக்கும்போது கியர் பொக்ஸின் பாரம் அதன் முன் ஷாஃப்டில் தொங்கக்கூடாது. கிளச் பிளேட் வளைந்துவிடும். பூட்டும்போதும் அப்படித்தான்.

பிரிக்கும் வேலையில் மகனிடம் கொடுக்கவேண்டிய பொறுப்பு, எது எங்கிருந்து வந்தது என்று வைத்துக்கொள்வது. வால்வுகளைத் தள்ளிவிடும் டெப்பட்டுகள் எட்டும் முட்டைத் தட்டில், வரிசை மாறாமல். புஷ் ரொட்களை அட்டைப் பெட்டியில் துளை போட்டு, இலக்கம் எழுதிக் குத்திவையுங்கள். கனெக்டிங் ரொட்டின் மூடி வேறொன்றுக்கு மாறவே கூடாது. இந்த எஞ்சினில் ரொட் குறுக்குச் சாய்வாகப் பிளந்திருப்பதால் பிஸ்டனோடு மேலே வந்துவிடும். அதற்கு முன் போரின் விளிம்பிலுள்ள கரியைச் சுரண்டிவிடுங்கள். சுரண்டிய இடத்தில் நகத்தை வைத்துக் கீழிருந்து மேலே இழுங்கள். ரிங் ஓடிய இடம் முடிகிற இடத்தில் நகம் ஒரு படியில் தட்டி நின்றால், போர் தேய்ந்திருக்கிறது. அதற்குப் புது ரிங் மட்டும் போட்டு ஏமாறாதீர்கள். பிஸ்டன் தலையில் +020 என்றோ +030 என்றோ (அங்குலத்தின் ஆயிரத்தில் 20, 30 பங்கு) அடித்திருந்தால் ஏற்கெனவே போரை வெட்டிப் பெரிதாக்கிய எஞ்சின். +040 வரை போகலாம். அதுவும் முடிந்துவிட்டால் போருக்குள் புதுக் குழாய் இறக்கும் ஸ்லீவ்தான். பெயரிங்கின் முதுகில் உள்ள எண், கிராங் ஷாஃப்ட் ஏற்கெனவே எவ்வளவு கிரைண்ட் ஆனது என்ற கதையைச் சொல்லும். மைக்ரோமீற்றர் இல்லையே என்று கவலை வேண்டாம், தோட்டத்துத் தேயிலை பெக்டரி ஃபிட்டரிடம் இருக்கும். கருவியைக் கையில் கொடுத்துவிட மாட்டார், கூடவே வந்து அளந்து தருவார். அதுதான் நல்லது.

இனி, எது வீட்டு வேலை, எது லேத் வேலை? இரும்பை வெட்டுவதெல்லாம் லேத்துக்கு: போர், கிராங் கிரைண்டிங், ஹெட் ஸ்கிம்மிங், வால்வு சீட். அளப்பதும் கழுவுவதும் பூட்டுவதும் உங்களுக்கு. லேத் வேலையைக் கண்டியில் செய்துகொள்ளலாம். பார்ட்ஸுக்கு எப்படியும் கொழும்புப் பஞ்சிகாவத்தைக்கு இறங்கவேண்டி வரும். பிஸ்டன் கைக்கு வராமல் போர் அடிக்க விடாதீர்கள். அந்தப் பிஸ்டனை அளந்துதான் வெட்ட வேண்டும். ஹெட்டைக் கொடுக்கும்போது எக்ஸோஸ்ட் பக்கம் கடின சீட் போடச் சொல்லுங்கள். சீட்டைத் தேயாமல் காத்த ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நின்றுவிட்டது. ஏற்றமே பிழைப்பான நம் வண்டிகளில் பழைய சீட் உள்ளே இறங்கிப் போகும்.

பிளொக் திரும்பி வந்ததும் போரைச் சுடுநீரும் சோப்பும் போட்டு, வெள்ளைத் துணியில் கறை வராத வரைக்கும் கழுவுங்கள். துடைத்த கையோடு ஒயில் பூசுங்கள். உங்கள் ஊர் மூடுபனியில் பச்சை இரும்பு தேநீர் குடித்து வருவதற்குள் துருப்பிடிக்கும். முடிந்தால் தென்மேல் பருவ மழைக்கு முன், ஜனவரி முதல் மார்ச் வரைக்குள் பூட்டும் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். பூட்டுவதில் பெரிய வித்தை இல்லை. இறுக்கம்: மெயின் பெயரிங் 60, பிக் எண்ட் (கனெக்டிங் ரொட்டின் கீழ்முனை) 35, ஹெட் நட் 40 இறாத்தல் அடி. ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து வெளியே இறுக்கிக்கொண்டு போங்கள். டைமிங் சக்கரங்களின் இரண்டு புள்ளிகளும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். டெப்பட் இடைவெளி 0.012 அங்குலம். பின்பக்கம் ஒயில் கசிந்தால் ரப்பர் சீலைத் தேடி அலையாதீர்கள், இந்த எஞ்சினில் அங்கே சீலே கிடையாது. கிராங்கில் வெட்டிய மரைதான் ஒயிலைத் திருப்பி அனுப்புகிறது. கொஞ்சம் சொட்டத்தான் செய்யும்.

கியர் பொக்ஸுக்கு வருவோம். பலரும் எஞ்சினுக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு கியர் பொக்ஸைக் கழுவி அப்படியே பூட்டுகிறார்கள். மலைநாட்டில் நான் அதைத் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். எஞ்சின் களைத்தால் ஏற்றத்தில் நிற்பீர்கள், அவ்வளவுதான். கினிகத்தேனையிலிருந்து கித்துல்கலைக்கு இறங்கும்போது மூன்றாவது கியர் கழன்றால், சூடேறிய டிரம் பிரேக் மட்டும்தான் மிச்சம்.

கழலும் கியருக்கு முதல் சந்தேகம் விலை குறைந்தது: எஞ்சினும் கியர் பொக்ஸும் உட்கார்ந்திருக்கும் மவுண்டிங் ரப்பர். அது நைந்திருந்தால் காலை எடுக்கும்போது முழுத் தொகுதியும் நகர்ந்து கியரை இழுத்துவிடும். ரப்பர் நன்றாக இருந்தால் உள்ளே பார்க்க வேண்டியதுதான். செலெக்டர் தண்டைப் பிடித்துவைக்கும் குண்டும் ஸ்பிரிங்கும், கியரைத் தள்ளும் கவையான போர்க்கின் தேய்மானம், மெயின் ஷாஃப்ட் பெயரிங்கின் ஆட்டம் எல்லாவற்றையும் பாருங்கள். கடைசியாக, மூன்றாவது கியரின் பக்கவாட்டில் உள்ள சின்னப் பற்களை டோர்ச் வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நல்ல பல்லின் ஓரம் கூராக நிமிர்ந்து நிற்கும். தேய்ந்த பல் மழுங்கி, ஒரு பக்கம் சரிந்து பளபளக்கும். சரிந்த பல் பாரம் மாறும்போது தானாக வழுக்கி வெளியே வரும். அதற்குப் புது ஸ்பிரிங் மருந்தல்ல, அந்தக் கியரையும் அதோடு கோக்கும் ஹப்பையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஹப்பைக் கழற்றும்போது பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக் கழற்றுங்கள். இல்லாவிட்டால் குண்டுகளை ஷெட் முழுக்கத் தேடுவீர்கள்.

கியர் பொக்ஸ் ஒன்று, இரண்டு, மூன்றில் உறுமி, நான்கில் அமைதியாக ஓடியது நினைவிருக்கிறதா? அப்படியென்றால் லே ஷாஃப்டும் (கியர் பொக்ஸுக்குள் இருக்கும் துணைத் தண்டு) அதன் ஊசி ரோலர்களும் தேய்ந்திருக்கின்றன. நான்காவது நேரடி கியர், லே ஷாஃப்டின் மேல் பாரம் விழாது. ஷாஃப்டின் மேல் ரோலர் ஓடிய தடத்தில் பொருக்கு விட்டிருந்தால் தயங்காமல் இரண்டையும் மாற்றுங்கள். திருப்பிப் பூட்ட, லே ஷாஃப்ட் பருமனில், லே கியரைவிடச் சற்றே நீளம் குறைவாக ஒரு தண்டைச் சீவிக்கொள்ளுங்கள். ரோலர்களைக் கிரீஸில் ஒட்டி, தண்டை நுழைத்து, அப்படியே பெட்டிக்குள் இறக்கி, உண்மையான ஷாஃப்டால் தண்டை மறுபக்கம் தள்ளிவிடுங்கள்.

ஒயில் விஷயத்தில் கராஜ்காரர் சொல்வதைக் கேட்காதீர்கள். இந்தக் கியர் பொக்ஸுக்கு எஸ்ஏஈ 30 எஞ்சின் ஒயில்தான், சுமார் 1.3 லீற்றர். தொண்ணூறாம் நம்பர் கியர் ஒயில் பின் அச்சுக்குரியது. அதிலுள்ள சேர்க்கை சில வகைகளில் பித்தளைப் பாகங்களை அரிக்கும். குளிர்காலக் காலையில் கியரும் சிக்கும்.

முதன்முறை ஸ்டார்ட் பண்ணுமுன் பிளக்கைக் கழற்றி, ஒயில் விளக்கு அணையும்வரை சுற்றிவிடுங்கள். புதுக் கேம் ஷாஃப்ட் போட்டிருந்தால் ஸ்டார்ட் ஆனதும் ஐட்லிங்கில் விடாமல் 2,000 சுற்றில் இருபது நிமிடம் ஓடட்டும். எஞ்சின் முழுக்க ஆறியதும் ஹெட் நட்டைத் திரும்ப இறுக்கி, டெப்பட்டைத் திரும்பப் பாருங்கள். முதல் ஓட்டங்கள் கொட்டகலை, ஹட்டன் பக்கம் இருக்கட்டும். நானுஓயா ஏற்றத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். திணறவிடாமல் முன்கூட்டியே கியரைக் குறையுங்கள். முதல் கியருக்கு, உரசாமல் கியர் விழச் செய்யும் சிங்க்ரோ இல்லை என்பது உங்கள் அப்பாவுக்குத் தெரிந்திருக்கும், மகனுக்கு நீங்கள்தான் சொல்லவேண்டும். ஐந்நூறு மைலில் ஒயிலை மாற்றுங்கள்.

பிஸ்டனுக்குப் பணம் கட்டுமுன், எஞ்சின் இலக்கத்தின் தொடக்கம், நான்கு போரின் மேல், கீழ் அளவு, கியர் பொக்ஸ் உடம்பு வழவழப்பா வரிவரியாக உள்ளதா என்ற மூன்றையும் எழுதி அனுப்புங்கள். வரி உள்ள பெட்டி பிந்திய 1098 வண்டியினுடையது, அதன் சிங்க்ரோ பார்ட்ஸ் உங்கள் பழைய பெட்டிக்குப் பொருந்தாது.