முள்முடி எதற்கு, லஸ்கர் போதுமே!

கேள்வி: கொள்ளிடத்தில் வெள்ளம் வந்த இரவில் கரை உடைப்பை அடைக்கப் போய் உயிர்விட்ட ஒரு லஸ்கரை (ஆற்றுக்கரையையும் மதகையும் பார்த்துக்கொள்ளும் அரசு ஊழியர்) பற்றிக் கதைக்கவிதை எழுதியிருக்கிறேன். சிலுவை, முள்முடி, ஆட்டுக்குட்டி, கோதுமை மணி என்று கிறிஸ்தவக் குறியீடுகளை வைத்தேன். படித்த நண்பர், "எல்லாம் ஒட்டவைத்தது மாதிரி இருக்கிறது" என்கிறார். நான் கிறிஸ்தவன் இல்லை. எடுத்துவிடவா?
– ஒரு வாசகர், பாபநாசம் வட்டம்

பதில்: கிறிஸ்தவன் இல்லை என்ற தயக்கம் வேண்டாம். 1726இல் தேம்பாவணி என்ற கிறிஸ்தவக் காப்பியத்தை முடித்த வீரமாமுனிவர் இத்தாலிக்காரர். அவர் வாழ்ந்த ஏலாக்குறிச்சி உங்கள் கொள்ளிடத்துக்கு வடகரையில்தான் இருக்கிறது. அவர் தமிழில் காப்பியம் பாடலாம் என்றால் நீங்கள் சிலுவையைப் பாடக் கூடாதா?

ஆனால் நண்பர் சொல்வதும் சரிதான். நீங்கள் அனுப்பிய பகுதியில் லஸ்கர் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே தலையில் முள்முடி ஏறிவிடுகிறது. அவர் சாகப்போகிறார் என்று முதல் பக்கத்திலேயே தெரிந்த பிறகு, உடைப்பில் என்ன பதற்றம் மிச்சமிருக்கும்?

எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை பாடிய கிறிஸ்தவக் காப்பியமான இரட்சணிய யாத்திரிகத்தில் இயேசுவைக் கட்டி நிறுத்தும் இடத்தைத் தேடிப் படியுங்கள். அவரை நிறுத்தியது கயிறு இல்லை, தன்னைப் பகைத்தவர்கள் மேல் அவர் வைத்த அன்புதான் அந்தக் கட்டு, அதை விட்டுப் போக அவருக்கு மனமில்லை என்று பாடுகிறார் கிருஷ்ணபிள்ளை. விலகிப் போக முடிந்தவர் போகாமல் நிற்கிறார், அதுவும் பகைவர்களுக்காக. புறாவுக்காகத் துலையில் ஏறிய சிபியின் கதையைச் சோழநாட்டுக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் புறா அடைக்கலம் என்று வந்தது. இங்கே கட்டியவர்களுக்காகவே கட்டுண்டு நிற்கிறார். உங்கள் கவிதையில் இல்லாதது இதுதான்.

உங்கள் லஸ்கருக்குத் திரும்பிப் போக ஒரு வழி வையுங்கள். ஜீப் வந்து நிற்கட்டும், "ஏறுங்க அண்ணே, போதும்" என்று ஒருவர் கூப்பிடட்டும். முறைத்தண்ணீர்ச் சண்டையில் அவரை அடித்தவரின் தெருவும் அந்தக் கரைக்குக் கீழே இருக்கட்டும். அதற்கப்புறமும் அவர் மணல்மூட்டையைத் தூக்கினால், சிலுவை என்று நீங்கள் எழுதவே வேண்டாம்.

அப்புறம் அந்தக் கோதுமை மணி. மண்ணில் விழுந்து செத்தால்தான் பலன் தரும் என்பது யோவான் நற்செய்தியில் வருவது. அந்த ஊருக்கு அது சரி. யூதேயாவைப் பாடும்போதே வயலும் உழவுமாகப் பாடியவர் வீரமாமுனிவர். பாபநாசத்தில் இருந்துகொண்டு நீங்கள் ஏன் கோதுமைக்குப் போகிறீர்கள்? சாக்கில் ஊறப்போட்டு, முளைகட்டி, நாற்றங்காலில் தெளித்த விதைநெல்லைப் பாருங்கள். நாற்றுப் பறிக்கும்போது வேரடியில் வெறும் உமிக்கூடு ஒட்டிக்கொண்டிருக்கும், உள்ளே அரிசி இருக்காது. எல்லாமே நாற்றுக்குப் போயிருக்கும். இதைப் பார்க்காத விவசாயி உங்கள் ஊரில் உண்டா?

ஆட்டுக்குட்டியைத் தயங்காமல் எடுத்துவிடுங்கள். முள்முடியும் வேண்டாம். ஜீப் வரும் இடத்தை மட்டும் முதலில் எழுதி அனுப்புங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்.