குறைமாதக் குழந்தைக்குத் தேனா, புரோபயாட்டிக் பவுடரா?

கோத்தகிரியிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். 31 வாரத்தில், 1.4 கிலோ எடையில் பிறந்த மகள் ஒரு மாதத்துக்கு மேல் கோயம்புத்தூரில் என்ஐசியூவில் (பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) இருந்துவிட்டு இப்போதுதான் வீட்டுக்கு வந்திருக்கிறாள். ஆன்டிபயாட்டிக் நிறையப் போட்டதால் வயிற்றில் நல்ல பாக்டீரியாவே இருக்காது என்று யாரோ சொல்ல, கடையில் நல்ல பாக்டீரியா அடங்கிய புரோபயாட்டிக் பவுடர் வாங்கலாமா என்கிறார். மாமியாரோ மலைத்தேன் தொட்டு சேனை வைக்கணும் என்கிறாராம்.

தேன் வேண்டவே வேண்டாம். எவ்வளவு சுத்தமான தேனிலும் பொட்டுலிசம் கிருமியின் வித்து இருக்கலாம், ஒரு வயது வரை எந்தக் குழந்தைக்கும் கூடாது. டாக்டர் சொன்னார் என்று என் மேல் பழியைப் போட்டுவிடுங்கள், வீட்டில் சண்டை வேண்டாம்.

பாக்டீரியா பற்றிச் சொன்னதில் பாதி உண்மை. குறைமாதக் குடலில் ஆஸ்பத்திரிக் கிருமிகள் முந்திக்கொண்டு குடியேறும், ஆன்டிபயாட்டிக் நாட்கள் கூடக்கூட பிஃபிடோபாக்டீரியா போன்ற நல்லவை குறையும், அந்த நிலையில்தான் குடல் சுவரே அழுகிப்போகிற 'நெக்' நோய்க்கான ஆபத்து ஏறுகிறது. அது பெரும்பாலும் பிறந்த முதல் சில வாரங்களில் வருவது. அந்தக் கட்டத்தில் பெரும்பகுதியை உங்கள் மகள் தாண்டிவிட்டாள்.

பவுடரை நீங்களாக வாங்காதீர்கள். ஒடிசாவில் 4,500க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் செய்து 2017இல் வெளியான புரோபயாட்டிக் ஆய்வில் நல்ல பலன் தெரிந்தது, ஆனால் அதில் இருந்தவர்கள் 35 வாரம் தாண்டி, 2 கிலோவுக்குக் குறையாமல் பிறந்தவர்கள். 2023இல் அமெரிக்காவில் ஒரு குறைமாதக் குழந்தை, புரோபயாட்டிக்காகக் கொடுத்த அதே பாக்டீரியா ரத்தத்தில் கலந்து இறந்தது. அதன் பிறகு அந்நாட்டு மருந்துத் துறையே எச்சரித்தது. எந்த வகை, எவ்வளவு என்பதை உங்கள் குழந்தையைப் பார்த்த டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது தாய்ப்பால். அதில் ஒலிகோசாக்கரைடு என்றொரு சர்க்கரை இருக்கிறது, லாக்டோசுக்கும் கொழுப்புக்கும் அடுத்து அதுதான் அதிகம், ஆனால் குழந்தையால் அதைச் செரிக்கவே முடியாது! அது பிஃபிடோபாக்டீரியாவுக்கான சோறு. உறிஞ்ச முடியாமல் சோர்ந்தால் பாலைப் பீய்ச்சி, கொதிநீரில் போட்டெடுத்த பாலாடையில் கொடுங்கள். அப்புறம் இந்தக் குளிரில் துணியில்லாமல் நெஞ்சோடு அணைத்து மேலே கம்பளி போர்த்திக்கொள்ளுங்கள், சூட்டோடு உங்கள் தோலின் பாக்டீரியாவும் அவளுக்குப் போகும். இரும்புச்சத்து, வைட்டமின் சொட்டு மருந்தை நிறுத்தாதீர்கள்.

வயிறு உப்பி இறுகினால், பச்சையாகக் கக்கினால், மலத்தில் ரத்தம் தெரிந்தால், பால் குடிக்காமல் துவண்டு கிடந்தால், மூச்சு விட்டுவிட்டு வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே 108ஐக் கூப்பிடுங்கள். மேட்டுப்பாளையம் இறங்கவே 33 கிலோமீட்டர் மலைப்பாதை, பனிமூட்டம் இருந்தால் இன்னும் நேரம் பிடிக்கும்.